மலைப்பாதை மரங்களுக்குச் சுண்ணாம்பு அடிக்கச் சொன்னவர்களுக்கு

எங்கள் வட்டாரப் பல்லுயிர் மேலாண்மைக் குழுவின் தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும், சாலையோர மரங்களுக்கு ஆணை பிறப்பித்த அலுவலர்களுக்கும்,

கடந்த மாசி மாதம் மலைப்பாதையைச் செப்பனிட்டு முடித்த கையோடு, பாதையோர மரங்களுக்கெல்லாம் நெஞ்சு மட்டத்துக்குச் சுண்ணாம்பும் நடுவே ஒரு சாண் அகலத்துக்குக் காவியும் அடித்துவிட்டீர்கள். அடிப்பதற்கு முன்னால் இரும்புத் தூரிகையால் பட்டையைச் சுரண்டச் சொல்லியிருக்கிறீர்கள். அதே மாதம் நடந்த கூட்டத்தில், வட்டாரத்தில் உள்ள உயிர்வகைகளை எழுதி வைக்கும் மக்கள் பல்லுயிர்ப் பதிவேட்டின் திருத்திய படி வாசிக்கப்பட்டது. மரப்பாசி, கல்பாசி, லைக்கன் வகைகள் என்ற இடத்துக்கு எதிரே ஒரே ஒரு சொல்தான் இருந்தது: "இல்லை".

முதலில் சுரண்டிவிட்டு அதன்பிறகு "இல்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். வரிசை சரியாகத்தான் இருக்கிறது. எனக்குத்தான் சும்மா இருக்க முடியவில்லை.

நான் அம்பாசமுத்திரத்தில் நாட்டு மருந்துக் கடை வைத்திருப்பவன். அப்பா காலத்துக் கடை. தாவரவியல் படித்தவன் அல்லன். ஆனால் கல்பாசியை நாற்பது வருடமாகக் கையால் அளைந்து, புடைத்து, தூசி தட்டி, பொட்டலம் கட்டிக் கொடுத்து வருகிறேன். பிரியாணிக்கும் கறி மசாலாவுக்கும் வாங்குகிறவர்கள் அதை முகர்ந்து பார்த்துவிட்டு, "அண்ணாச்சி, இதில் மணமே இல்லையே" என்பார்கள். எண்ணெய் காய்ந்ததும் ஒரு துண்டைப் போட்டுப் பாருங்கள் என்பேன். மறுபடி வந்து வாங்காதவர்கள் குறைவு.

விருதுநகரிலிருந்து வரும் கல்பாசிச் சாக்கைக் கடையின் பின்கட்டில் சாக்குப்படுதா விரித்துக் கொட்டினால், பாசியோடு என்னென்ன வருகிறது என்று ஒருமுறை வந்து பாருங்கள். பட்டைத் துணுக்கு, சுள்ளி, காய்ந்த பூச்சிக்கூடு, அவற்றின் நடுவே தையல் ஊசி போல நீண்ட பழுப்பு நிற இலைகள். மூன்று மூன்றாக ஒரே காம்பில் சேர்ந்திருக்கும். அது இமயமலை அடிவாரத்துப் பைன் மரத்தின் இலை. நம் ஊர்ச் சமையலுக்குப் போகும் கல்பாசியின் பெரும்பகுதி உத்தராகண்ட் மலைகளில் கருவாலி, பைன் போன்ற மரங்களில் பிடுங்கப்பட்டு, ராம்நகர் போன்ற மண்டிகளுக்குப் போய், அங்கிருந்து ரயிலும் லாரியும் ஏறித் தெற்கே வருகிறது. பெயர் கல்பாசிதான், கல்லில் வளர்ந்ததைவிட மரத்தில் வளர்ந்ததே சாக்கில் அதிகம். மராட்டியர் அதைத் தகட்பூல் என்கிறார்கள், கல்லின் பூ. அது பூவும் அல்ல, பாசியும் அல்ல.

அது பாசி அல்ல என்றால் வேறு என்ன என்று கேட்பீர்கள். ஒரு பூஞ்சை, தன் உடலுக்குள் பச்சைப் பாசியையோ நீலப்பச்சை நுண்ணுயிரையோ குடிவைத்துக்கொண்டு நடத்தும் கூட்டுக் குடித்தனம் அது; லைக்கன் என்பது இதைத்தான். பூஞ்சை வீடு கட்டுகிறது. உள்ளே இருப்பது வெயிலில் சமைக்கிறது. 1860களில் ஸ்விட்சர்லாந்துக்காரர் சைமன் ஷ்வெண்டனர் இதைச் சொன்னபோது, லைக்கன் ஆராய்ச்சியாளர்களே அவரைக் கேலி செய்தார்கள். இரண்டு உயிர் சேர்ந்து ஒரு பெயரில் வாழ முடியும் என்பதை ஏற்க அவர்களுக்கு மனமில்லை. நம் ஊர்க் கூட்டுக் குடும்பங்களை அவர்கள் பார்த்ததில்லை போலும்.

இதைக் கண்ணால் பார்க்க ஆய்வகம் வேண்டியதில்லை. சாக்கிலிருந்து உள்ளங்கை அகலத் துண்டு ஒன்றை எடுங்கள். மேலே சாம்பல் நிறம், அடியில் கறுப்பு, விளிம்பில் மட்டும் பழுப்பு. நொறுங்கிவிடும் போலச் சருகாக இருக்கும். இரண்டு சொட்டுத் தண்ணீர் தெளித்தால் ஒரு நிமிடத்துக்குள் தோல் போல மெத்தென்று ஆகி, சாம்பல் நிறத்துக்குள்ளிருந்து பச்சை எட்டிப் பார்க்கும். நகத்தால் மேல் தோலை மெல்லச் சுரண்டினால் அந்தப் பச்சை தனி அடுக்காகத் தெரியும். அதற்கும் கீழே பஞ்சு போல வெள்ளை. அந்த வெள்ளையில் பிளீச்சிங் பவுடர் கரைத்த தெளிநீர் ஒரு சொட்டு விட்டால், பார்மோட்ரீமா டிங்க்டோரம் என்ற வகையாக இருந்தால், ரத்தம் போலச் சிவக்கும். சிவக்காவிட்டால் அது வேறு வகை. கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரியும் இரண்டு துண்டுகள் இரண்டு இனங்கள். ஒரு கல்லூரி ஆசிரியர் கடைக்கு வந்து இதைக் காட்டிக் கொடுத்த நாளிலிருந்து, புதுச் சாக்கு வந்தால் நான் செய்யும் முதல் வேலை இதுதான். பிள்ளைகள் சிரிக்கிறார்கள், சிரிக்கட்டும்.

இப்போது உங்கள் சுண்ணாம்புக்கு வருகிறேன்.

அடித்துக்கொண்டிருந்த இளைஞர்களிடம் நான் சண்டை போடவில்லை. அவர்கள் கூலிக்கு வந்தவர்கள். ஒருவர் மட்டும் தூரிகையைக் கீழே வைத்துவிட்டு, "அண்ணாச்சி, மரத்துக்குச் சொறி பிடித்திருக்கிறது. சுரண்டிவிட்டுச் சுண்ணாம்பு அடித்தால் மரம் தெளிந்துவிடும் என்று சொல்லி அனுப்பினார்கள்" என்றார். அந்தச் சொல்தான் இத்தனைக்கும் வேர். மாவோ முருங்கையோ ஒன்று வாடினால் அதன் பட்டையில் படர்ந்திருக்கும் சாம்பல் வட்டங்களைப் பார்த்து, சொறி, தேமல், பூசணம் என்று பழி போடுவது நம் வழக்கம். லைக்கனுக்கு வேர் கிடையாது. மரத்தின் சாற்றை அது உறிஞ்சுவதில்லை. மழையிலும் பனியிலும் காற்றிலும் வருவதைக் கொண்டு பிழைக்கிறது. மரம் அதற்குத் திண்ணை, அவ்வளவுதான். வாடும் மரத்தில் அது கூடுதலாகத் தெரிவதற்குக் காரணம், இலை உதிர்ந்து வெளிச்சம் அதிகம் விழுவது. திண்ணையில் உட்கார்ந்திருப்பவரைத் திருடன் என்று அடித்த கதை இது.

சமவெளியில் நெடுஞ்சாலைப் புளிய மரங்களுக்கு வெள்ளை அடிப்பதை நான் குறை சொல்லவில்லை. இரவில் லாரி ஓட்டுபவருக்கு அது தெரிய வேண்டும். சோதனைச் சாவடிக்கு மேலே, இருட்டிய பிறகு பொது வண்டி எதற்கும் அனுமதி இல்லாத பாதையில், யாருக்குத் தெரிவதற்காக அடித்தீர்கள்? யானைக்கா?

சுண்ணாம்பு சாதாரணப் பொருள் அல்ல. நீற்றிய சுண்ணாம்பு கடுங்காரம். மரப்பட்டை பெரும்பாலும் சற்றே புளிப்புத் தன்மை உடையது. ஊசியிலைக் குடும்பத்து மரங்களின் பட்டை இன்னும் புளிப்பு. எந்த லைக்கன் எந்தப் பட்டையில் குடியேறும் என்பதை முடிவு செய்வதில் அந்தப் புளிப்புக்குப் பெரிய பங்கு உண்டு. தூரிகை சுரண்டியதில் தப்பியதைச் சுண்ணாம்பு கருக்கிவிடும். மழை சுண்ணாம்பைக் கழுவிய பிறகும் பட்டை உடனே பழைய பட்டையாகிவிடாது. இலைபோல விரியும் வகைகள்கூட ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர் அளவில்தான் வளரும். பட்டையோடு பட்டையாக ஒட்டிக் கிடக்கும் வகைகளில் பல ஒரு மில்லிமீட்டரைக்கூட எட்டாதவை. ஒரு காலையில் நீங்கள் சுரண்டியது, உங்களில் பலர் பணியில் சேர்வதற்கு முன்பே அங்கே உட்கார்ந்துவிட்டது.

இத்தனையும்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். என்னை உட்காரவைத்து எழுதச் சொன்னது மேலே, தேயிலைக்கும் மேலே, ஒரு கொண்டையூசி வளைவில் நிற்கும் ஒரே ஒரு மரம்.

மேற்குத் தொடர்ச்சி மலையில் பைன், சைப்ரஸ் எல்லாம் கொடைக்கானலிலும் ஊட்டியிலும் வெள்ளைக்காரர் காலத்திலும் அதற்குப் பிறகும் நட்டவை. இந்த மலைக்குத் தானாக வந்து, தானாக நிற்கும் ஊசியிலைக் குடும்பத்து மரம் ஒன்றே ஒன்றுதான். நாகியா வாலிச்சியானா என்பது அதன் அறிவியல் பெயர். மலையாளத்தில் நிறம்பல்லி என்கிறார்கள். தீபகற்ப இந்தியா முழுவதுக்கும் இயற்கையான ஊசியிலைக் குடும்ப மரம் அது மட்டுமே. அகத்தியமலைத் தொடரின் பசுமைமாறாக் காடு அதன் வீடுகளில் ஒன்று. வேடிக்கை என்னவென்றால் அதற்கு ஊசியே கிடையாது. அகலமான, தடித்த இலை. கையில் வாங்கி வெளிச்சத்தில் பிடித்தால் ஒரு குறை தெரியும்: நடுநரம்பு இல்லை. காம்பிலிருந்து நுனிவரை மெல்லிய கோடுகள் இணையாக ஓடும். மாவிலை, பலாவிலை பார்த்துப் பழகிய கண்ணுக்கு, யாரோ நடுக்கோட்டைப் போட மறந்துவிட்டது போல இருக்கும்.

அழியும் ஆபத்தில் உள்ள உயிர்களைக் கணக்கிடும் உலகச் சிவப்புப் பட்டியல் இந்த மரத்தைப் பற்றிப் பெரிதாகக் கவலைப்படவில்லை, ஏனென்றால் பர்மாவிலிருந்து நியூகினி வரை அது பரவியிருக்கிறது. நியூகினியில் இருக்கிறது என்பது நம் மலைக்கு என்ன ஆறுதல்? இங்கே அது சில காடுகளில் மட்டும், மற்றப் பெருமரங்களுக்கு நடுவே ஒன்றும் இரண்டுமாக நிற்கிறது. வெடிப்பலாவைப் போலத் தோப்பாக நிற்பதில்லை. ஆகவே அதன் பட்டையை விரும்பி அதில் குடியேறும் லைக்கன் ஏதேனும் இருக்குமானால், அதற்கு ஒரு மரத்தை விட்டால் அடுத்த மரம் பக்கத்துத் தெருவில் இல்லை, பக்கத்து ஊரில்.

நான் சொல்லும் வளைவு மரத்தை எனக்குக் காட்டியவர் என் அப்பா. அவருக்கு அறிவியல் பெயர் தெரியாது; "ஊசி இல்லாத ஊசிமரம்" என்பார். அப்பா காலத்தில் இந்த மலையில் வாழும் பழங்குடிகளான காணிக்காரர்கள் தேனும் கருங்குங்கிலியமும் கொண்டு வருவார்கள். எப்போதாவது ஒரு சிறு பையில் கல்பாசி வரும். வந்த பையிலிருந்து ஒரு துண்டை எடுத்து, இது எந்த மரத்தில் கிடைத்தது என்று அப்பா கேட்பார். அவர்கள் சொல்வார்கள். மரத்துக்கு மரம் மணம் மாறும் என்பது அவர்கள் கணக்கு. இன்றைக்கு அது புலிகள் காப்பகம். 1988-இல் களக்காடு, முண்டந்துறை சரணாலயங்களை இணைத்து அறிவித்தார்கள். ஓர் இலையைக் கிள்ளினாலும் குற்றம். அது சரியான சட்டம்தான், எனக்கு அதில் மாற்றுக்கருத்து இல்லை. காணிக்காரர் ஒரு துண்டு பாசியை எடுத்தால் வழக்கு; இரும்புத் தூரிகையால் மரம் மரமாகச் சுரண்டினால் பராமரிப்புப் பணி. இதுதான் எனக்குச் செரிக்கவில்லை.

அந்த மரத்தின் தெற்குப் பக்கத்தை மூன்று வருடம் முன்பு நான் கைபேசியில் படம் பிடித்து வைத்திருந்தேன். அடிமரத்தில் சாம்பல் நிறத்தில் இலைவகை, ஒன்றின்மேல் ஒன்று கூரை ஓடு அடுக்கியது போல. இடுப்பு உயரத்தில் தாடி போலத் தொங்கும் வகை. ஓர் இழையை மெல்ல இழுத்தால் மேல்தோல் விட்டுப்போய் உள்ளே வெள்ளை நரம்பு ரப்பர் போல நீளும். அது அஸ்னியா என்ற பேரினம். அதற்கும் மேலே, வெளிறிய பட்டையில், கறுப்பு மசியால் கிறுக்கியது போலக் குட்டிக் குட்டிக் கோடுகள். வளைந்தும் கிளைத்தும், ஓலையில் எழுத்தாணி ஓடிய மாதிரி. அந்தப் பேரினத்துக்கே எழுதுவதைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்துதான் கிராஃபிஸ் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். நீங்கள் பதிவேட்டில் எழுத மறந்ததை அது தானே எழுதி வைத்திருந்தது. இப்போது அதே பக்கத்தை மறுபடி படம் எடுத்தேன். வெள்ளை. நடுவில் காவி. காவிக்கு மேலே, தூரிகை எட்டாத இடத்தில், தாடியின் நுனி மட்டும் காற்றில் ஆடுகிறது.

ஒரு பாசிக்காக இவ்வளவா என்று உங்களில் ஒருவர் கூட்டத்தில் கேட்டார். அவருக்காக ஓர் எடுத்துக்காட்டு.

கனடாவின் கிழக்குக் கரையில் பால்சம் ஃபிர் என்ற ஊசியிலை மரத்தின் பட்டையில் வாழும் ஒரு லைக்கன் உண்டு. எரியோடெர்மா பெடிசெல்லாட்டம். கம்பளித் துணிபோலச் சாம்பலும் பழுப்பும் கலந்த இலை, விளிம்பு மேல்நோக்கிச் சுருண்டு வெள்ளை அடிப்புறத்தைக் காட்டும், மேலே செம்பழுப்பில் சிறு வட்டுக்கள். ஈரக் காடும் மூடுபனியும் முதிர்ந்த மரமும் தூய காற்றும் சேர்ந்தால்தான் பிழைக்கும். மரம் வெட்டினார்கள், தொழிற்சாலைப் புகை மழையில் கலந்து புளித்தது, வெளியிலிருந்து கொண்டு வந்து நியூஃபவுண்ட்லாந்தில் விட்ட மூஸ் மான் ஃபிர் கன்றுகளைத் தின்று தீர்த்தது. ஸ்வீடனில் இருந்த இடங்களில் காணாமல் போயிற்று. 2003-இல் உலகச் சிவப்புப் பட்டியலில் அதை "மிக அருகிய" இனமாகச் சேர்த்தார்கள். அந்தப் பட்டியலில் முதன்முதலாக இடம்பெற்ற லைக்கன்கள் இரண்டே இரண்டு, இது அவற்றில் ஒன்று. புலிக்கும் யானைக்கும் பட்டியல் தொடங்கி எத்தனை காலம் கழித்து என்று நினைத்துப் பாருங்கள். கனடா தன் அட்லாண்டிக் கரைப் பகுதியில் அதை அழிவாய்ப்பில் உள்ள இனமாக அறிவித்தது.

கதையின் பின்பாதிதான் உங்களுக்கு வேண்டியது. வட அமெரிக்காவில் வேறெங்கும் அது இருப்பதாக யாருக்கும் தெரியாதிருந்தபோது, கண்டத்தின் மறு கோடியில், அலாஸ்காவின் டெனாலி தேசியப் பூங்காவில், கணக்கெடுக்கப் போனவர்கள் அதை ஊசியிலை மரக் கிளைகளில் கண்டுபிடித்தார்கள். 2009-இல் அந்தச் செய்தி அச்சில் வந்தது. பார்க்கும்வரை அங்கே "இல்லை". பார்த்த பிறகு "இருக்கிறது". ஓர் இனத்தின் பாதுகாப்பு நிலை என்று அறிவியலார் சொல்வதில் பாதி, போய்ப் பார்த்தோமா இல்லையா என்பதுதான்.

நம்மிடம் போய்ப் பார்ப்பதற்கான ஏற்பாடு சட்டத்திலேயே இருக்கிறது. 2002-ஆம் ஆண்டின் பல்லுயிர்ச் சட்டம்தான் உங்கள் குழுவைப் பெற்றெடுத்தது. உள்ளூர் மக்களோடு பேசிப் பதிவேடு எழுத வேண்டும் என்கின்றன அதன் விதிகள். பல ஆண்டு யாரும் எழுதவில்லை. 2020 ஜனவரி 31-க்குள் நாடு முழுவதும் முடிக்காவிட்டால் மாநிலங்கள் மாதம் 10 லட்சம் ரூபாய் கட்ட வேண்டும் என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் கெடு வைத்ததும், எங்கும் ஒரே அவசரம். எங்கள் பதிவேட்டின் முதல் படியும் அந்த அவசரத்துப் பிள்ளைதான். அதில் கடல் மீன் ஒன்றின் பெயரைக்கூட நான் பார்த்தேன். தாமிரபரணி கடலில் கலப்பது உண்மை. ஆனாலும் அம்பாசமுத்திரத்துக்கு இப்பால் அல்ல. திருத்திய படியில் மீனை எடுத்துவிட்டீர்கள், நன்றி. பாசியைத் திருத்தவில்லை.

வனவிலங்குச் சட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு, "அட்டவணையில் இல்லாததை நாங்கள் எப்படிக் காப்பாற்றுவது" என்று கேட்பீர்கள் என்பதும் தெரியும். 1991-இல் அந்தச் சட்டத்தில் தாவரங்களுக்கென்று தனி அட்டவணை சேர்த்தபோது ஆறே ஆறு செடிகளைத்தான் எழுதினார்கள். லைக்கன் ஒன்றுகூட இல்லை. அட்டவணைக்குப் பெயர் மேலிருந்து இறங்கி வராது. கீழே யாராவது பார்த்து எழுதினால்தான் மேலே போகும். அந்தக் கீழே என்பது நீங்கள்தான்.

இதற்கு ஏன் இவ்வளவு அவசரப்படுகிறேன் என்றால், 2028. சிங்கம்பட்டி ஜமீன் 1929-இல் 99 ஆண்டுக் குத்தகைக்கு விட்ட மாஞ்சோலை நிலம், 8,373 ஏக்கர், அந்த ஆண்டில் குத்தகை முடிந்து திரும்புகிறது. அங்கே மூன்று நான்கு தலைமுறையாகக் கொழுந்து கிள்ளிய குடும்பங்கள் கீழே இறங்கிய துயரம் தனிக் கதை; என் கடைக்குக் கணக்கு வைத்து வாங்கியவர்கள் அவர்கள், அதை இந்த மடலுக்குள் அடக்க மாட்டேன். நான் சொல்வது மரங்களைப் பற்றி. தேயிலைக்கு நிழலுக்காக நட்ட சில்வர் ஓக் மரங்கள் முதிர்ந்து நிற்கின்றன. வெளியூர் மரம்தான். ஆனால் நாலுமுக்கு, ஊத்து என்று மழைக்கணக்கில் தினமும் பத்திரிகையில் வரும் அந்த ஈரத்தில், அவற்றின் பட்டையில் லைக்கன் அடைபோல் அப்பியிருக்கிறது. யூக்கலிப்டஸ் தன் தோலைத் தானே உரித்துப் போட்டுவிடும், அதில் பெரிதாக எதுவும் தங்காது. சில்வர் ஓக் அப்படி அல்ல. காட்டை மீட்கிறோம் என்று அந்நிய மரங்களை ஒரே மூச்சில் வெட்டிச் சாய்த்தால், பக்கத்துச் சோலையிலிருந்து வந்து அதில் குடியேறியவையும் சேர்ந்து போகும். வெட்டவே கூடாது என்று நான் சொல்லவில்லை. பார்த்துவிட்டு வெட்டுங்கள் என்கிறேன்.

என் மீதும் குற்றம் இருக்கிறது. உத்தராகண்டில் பிடுங்கிய பாசியை விற்றுத்தான் என் பெண்ணைப் படிக்க வைத்தேன். சாக்கில் ஒரு கிலோ சேர எத்தனை மரத்தைச் சுரண்டியிருப்பார்கள் என்று இப்போதெல்லாம் கொட்டும்போது தோன்றுகிறது. முன்பு உள்ளங்கை அகலத் துண்டுகள் சாதாரணம். இப்போது துணுக்குகளே அதிகம், வேறு வேறு வகைகள் கலந்து வருகின்றன. பெரியவற்றைப் பிடுங்கித் தீர்த்த பிறகுதான் சிறியதில் கை வைப்பார்கள் என்பது எந்த வியாபாரிக்கும் தெரியும். போன தீபாவளியிலிருந்து நான் மொத்தமாக எடுப்பதைப் பாதியாகக் குறைத்திருக்கிறேன். இது பெரிய தியாகம் ஒன்றும் இல்லை. கேட்பதற்கு முன் என் கையைக் காட்டிவிட வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

கேட்பவை இவை.

சோதனைச் சாவடிக்கு மேலே எந்த மரத்துக்கும் இனிமேல் சுண்ணாம்போ காவியோ அடிக்கக் கூடாது, பட்டையைச் சுரண்டக் கூடாது என்று எழுத்தில் ஆணை பிறப்பியுங்கள். வளைவுகள் தெரிய வேண்டுமானால் மரத்தை விட்டுவிட்டு, ஓரத்தில் கல் நட்டு அதில் ஒளிரும் பட்டை ஒட்டுங்கள். ஏற்கெனவே அடித்த மரங்களைச் சுத்தம் செய்கிறோம் என்று மறுபடி தூரிகையோடு யாரையும் அனுப்பிவிடாதீர்கள். அதை ஐப்பசி மழை பார்த்துக்கொள்ளும்.

பதிவேட்டில் "இல்லை" என்ற சொல்லை அடித்துவிட்டு, "இன்னும் பார்க்கவில்லை" என்று எழுதுங்கள். அடுத்த கூட்டத்திலேயே இதைச் செய்யலாம். செலவு ஒரு பேனா. "இல்லை" என்று எழுதிய பக்கத்தை நாளை ஒரு சாலைத் திட்டமோ வேறொன்றோ வரும்போது யாராவது எடுத்து நீட்டுவார்கள், இங்கே எதுவும் இல்லை என்று உங்கள் கையெழுத்தே இருக்கிறதே என்று. "பார்க்கவில்லை" என்று இருந்தால், பார்த்துவிட்டு வாருங்கள் என்று கேட்க எங்களுக்கு வாய் இருக்கும்.

பிறகு பாருங்கள். லைக்கன் அறிந்த ஆய்வாளர்களைக் காப்பக அனுமதியோடு அழைத்து வந்து, நிறம்பல்லி மரங்களிலிருந்து தொடங்குங்கள். ஒரு மரத்தையும் உரிக்க வேண்டியதில்லை. எந்த மரம், எந்த உயரம், எந்தப் பக்கம், நிழலா வெயிலா என்று குறித்து, படம் எடுத்து, அடையாளம் காணத் தேவையான அளவு மட்டும் எடுத்தால் போதும். காணிக் குடியிருப்புகளிலிருந்து குறைந்தது இரண்டு பேர் அந்தக் குழுவில் கூலிக்கு அல்லாமல் உறுப்பினராக இருக்க வேண்டும். மரத்தை மணத்தால் பிரித்தவர்கள் அவர்கள். கிடைப்பதைப் பதிவேட்டில் எழுதும்போது மரம் நிற்கும் இடத்தைப் பொதுப் படியில் வெளியிட வேண்டாம். மசாலா வியாபாரி ஒருவன் சொல்கிறேன், நம்புங்கள்.

மாஞ்சோலை நிலம் திரும்பும் முன், அங்கே ஒரு மரத்தையாவது அகற்றும் எந்தத் திட்டத்துக்கும் இந்தக் கணக்கெடுப்பு முதலில் நடக்க வேண்டும் என்று குழு தீர்மானம் போட்டு, மாநிலப் பல்லுயிர் வாரியத்துக்கு அனுப்புங்கள். தீர்மானத்தின் படி ஒன்றைப் பொது அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள்.

இவற்றுக்கு முப்பது நாளுக்குள் எழுத்தில் பதில் வேண்டும். மரத்தின் இரண்டு படங்களையும், மூன்று வருடம் முன்பு எடுத்ததையும் இப்போது எடுத்ததையும், இத்துடன் இணைத்திருக்கிறேன். ஒரு சிறு உறையில் விருதுநகர்ச் சாக்கில் கிடைத்த பைன் இலையும் இருக்கிறது, ஊசிமரம் எப்படி இருக்கும் என்று பார்த்திராத உறுப்பினர்களுக்காக. கூட்டத்தை எந்த நாளில் வைத்தாலும் கடையை அடைத்துவிட்டு வந்துவிடுவேன். பூதக்கண்ணாடியும் பிளீச்சிங் பவுடரும் நான் கொண்டு வருகிறேன்.

இப்படிக்கு,
நாட்டு மருந்துக் கடைக்காரர்,
அம்பாசமுத்திரம்.